டீசல் வண்டியும் கழுவுகிற நோட்டும்

செங்கல்பட்டு ஸ்டேஷனில் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருந்த காலத்தில், "வண்டி லேட்டா சார்?" என்று கேட்டவர்களில் பாதிப் பேர் என்னிடம் திட்டு வாங்கிக்கொண்டுதான் போனார்கள். பாவம், அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. இருபத்திரண்டு வருஷம் வண்டி ஓட்டியவனைத் தூக்கிக் கொண்டுவந்து, வண்டி எப்போது வரும் என்று ஊருக்குச் சொல்லும் நாற்காலியில் உட்கார வைத்தால் அவன் வாயிலிருந்து வேறென்ன வரும்?

எங்கள் வேலையில் டிரைவர்களுக்குச் சில வருஷத்துக்கு ஒருமுறை கண் பரிசோதனை உண்டு. தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு நடந்த பரிசோதனையில் அட்டையின் கடைசி இரண்டு வரியும் புகை மூட்டமாகத் தெரிந்தன. கண்ணாடி மாற்றிப் பார்த்தார்கள். அப்போதும் தேறவில்லை. டாக்டர் நல்ல மனுஷர், சமாதானம் சொல்வதாக நினைத்து, "உங்க கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. வண்டி ஓட்டத்தான் பத்தாது, மத்த எல்லாத்துக்கும் போதும்" என்றார். மற்ற எல்லாம் என்றால் எது? எனக்கு அப்படி வேறு எதுவும் இருந்ததில்லை. அன்றைக்கு அவர் மேஜையைக் குத்தாமல் வெளியே வந்ததே பெரிய விஷயம்.

நான் கடைசியாக ஓட்டியது செங்கல்பட்டுக்கும் காஞ்சிபுரத்துக்கும் நடுவே, சில நாள் அரக்கோணம் வரைக்கும், ஓடிக்கொண்டிருந்த மீட்டர் கேஜ் டீசல் வண்டி. அதற்குத் தனியாக எஞ்சின் கிடையாது. பயணிகள் உட்காரும் பெட்டியின் தரைக்குக் கீழேயே எஞ்சின் தொங்கும். முன்பக்கம் டிரைவருக்கு ஒரு சின்ன அறை. பாலூர், பழையசீவரம், வாலாஜாபாத் என்று ஒவ்வொரு இடமாக நின்று நின்று போகும். ஜனங்கள் அதை 'டீசல் பஸ்' என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பஸ்ஸாம் பஸ்!

அது ஒன்றும் அழகு வண்டி இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மழை பெய்தால் என் தலைக்கு மேலேயே ஒழுகும். கோடையில் தரைச் சூடு செருப்பைத் தாண்டிக் காலைச் சுடும். பின்னால் இன்னொரு பெட்டியை மாட்டிவிட்டால் மூக்கால் அழும். ஆனால் அது எந்த நேரத்தில் எந்தச் சத்தம் போடும், அந்தச் சத்தத்தில் எது குறைந்தால் எங்கே கை வைக்க வேண்டும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். என்னை இறக்கிவிட்ட பிறகு அதை ஓட்டியவர்கள் வாரத்துக்கு ஒரு நாள் வழியில் நிறுத்திவிட்டு நின்றார்கள். எனக்கு அதில் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது என்பதை மறைத்து என்ன பயன்?

பிறகு மீட்டர் கேஜை எடுத்துவிட்டு அகலப்பாதை போடும் வேலை ஆரம்பித்தது. வண்டியைக் கொண்டுபோய் யார்டின் கடைசித் தடத்தில் நிறுத்திவிட்டார்கள். நாலு மாதத்தில் சக்கரத்தைச் சுற்றி எருக்கஞ்செடி. ஆறு மாதத்தில் உள்ளே இருந்த மின்விசிறி, விளக்கு எல்லாம் காணோம். கழிவு இரும்பாக ஏலம் விடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் நான் மனு போட ஆரம்பித்தேன். ஒரு அலுவலகம் இன்னொரு அலுவலகத்துக்கு எழுதச் சொன்னது. அந்த அலுவலகம் முதல் அலுவலகத்துக்கே எழுதச் சொன்னது. நேரில் போய் நின்றேன். ஒரு அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஸ்டீம் எஞ்சின்னா சொல்லுங்க, பார்க்குக்குக் கேப்பாங்க. இது டீசல்தானேப்பா, இதை யாரு பார்ப்பா?" என்றார். கரிப் புகை விட்டால் சரித்திரம், டீசல் புகை விட்டால் குப்பையா? அவரிடமே கேட்டுவிட்டேன். அதற்காக ஒரு விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டி வந்தது.

வீட்டில் என் மனைவிக்கும் இது பொறுக்கவில்லை. ராத்திரி சாப்பாட்டில் கூட அதே பேச்சுத்தான் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? "ஏங்க, அந்த வண்டிக்கே தாலி கட்டியிருக்கலாம் நீங்க. எங்கப்பா வீட்டுக்கு எதுக்கு வந்தீங்க?" என்பாள். "அது பேசாது, அதனாலதான்" என்பேன். அவள் சிரிக்க மாட்டாள்.

கடைசியில் ஏலத்தில் அதை எடுத்தது மாமல்லபுரம் ரோட்டில், திருவிடந்தைக்குக் கொஞ்சம் தெற்கே, கடலை ஒட்டியிருந்த ஒரு தனியார் விடுதி. குழந்தைகள் உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்பதற்கு ரயில் பெட்டி வேண்டுமாம். இரண்டு லாரி, ஒரு கிரேன் வைத்துக் கொண்டுபோய், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வண்டி நிற்கிற நீளத்துக்கு மட்டும் தண்டவாளம் போட்டு நிறுத்தினார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நான் அங்கே போய் நின்றேன்.

விடுதி மேனேஜர் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பையன், முப்பது வயசு இருக்கும். மரியாதை தெரிந்தவன். ஆனால் மரியாதையாகப் பேசிக்கொண்டே தான் நினைத்ததைச் செய்கிற ரகம். எஞ்சினை அடியிலிருந்து கழற்றி எடுத்துவிட்டு அந்த இடத்தில் செடி வைக்கப் போவதாகச் சொன்னான். நான் அவனிடம் இரண்டு மணி நேரம் பேசினேன், கத்தினேன் என்பதுதான் சரி. "எஞ்சின்மேல் யாரும் கை வைக்கக் கூடாது. ரெண்டு ஞாயித்துக்கிழமைக்கு ஒரு தடவை நானே வந்து பார்த்துக்கறேன். பைசா வேண்டாம்."

"அதுக்கென்னங்க சார், நீங்க சொன்னா சரிங்க" என்றான். அடுத்த முறை நான் போனபோது வண்டிக்கு ரோஸ் கலர் அடித்திருந்தான், பக்கவாட்டில் வரைந்திருந்த ஒரு யானை கொடி ஆட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் நீச்சல் குளத்தில் இருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். யானையை அழித்துப் பழைய கலர் அடிக்க இன்னும் மூன்று மாதம் ஆனது.

செங்கல்பட்டிலிருந்து அங்கே போவது லேசுப்பட்ட வேலை இல்லை. திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து கடற்கரை ரோட்டில் இன்னொரு பஸ். ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்த இரண்டாவது பஸ்ஸில் திருவிடந்தைப் பெருமாளிடம் கல்யாண வேண்டுதலுக்குப் போகிற பையன்களும் பெண்களும் அவரவர் அப்பா அம்மாவோடு நிறைந்திருப்பார்கள். அவர்களுக்கு நடுவே நான் கையில் கிரீஸ் டப்பாவும் பழைய துணி மூட்டையுமாக நின்றுகொண்டு போவேன். ஒருமுறை ஒரு அம்மாள், "உங்க பையனுக்கா, பொண்ணுக்கா?" என்று கேட்டாள். "வண்டிக்கு" என்றேன். அதற்கப்புறம் அவள் என் பக்கம் திரும்பவில்லை.

எனக்கு அங்கே ஒரே பயம்தான், கடல் காற்று. இரும்புக்கு உப்புக் காற்று எமன். காலையில் கதவுக் கைப்பிடியைத் தொட்டாலே விரலில் பிசுக்கென்று ஒட்டும். இதற்கு என்ன செய்வது என்று நான் யோசிக்கவே இல்லை, யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை என்று நினைத்தேன். செங்கல்பட்டு யார்டில் வண்டி வந்ததும் கழுவுவோம். அழுக்கு நின்றால் துரு பிடிக்கும், கழுவினால் பிடிக்காது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பார்த்தது அது. ஆகவே தினமும் கழுவ வேண்டும் என்று முடிவு செய்தேன்.

கழுவ ஆள் இருந்தார். விடுதி வாட்ச்மேன், பக்கத்து மீனவர் குப்பத்துக்காரர், என் வயசுதான். தோள்பட்டை எலும்பு நகர்ந்துபோய் வலை இழுக்க முடியாமல் வாட்ச்மேன் வேலைக்கு வந்தவர். ஒரு வேலைக்குத் தகுதியில்லை என்று இறக்கிவிடப்பட்ட இரண்டு பேர் அங்கே ஒன்றாக நின்றோம். அதை அப்போது நான் நினைத்துப் பார்த்திருந்தால் அவரிடம் கொஞ்சம் தன்மையாகப் பேசியிருப்பேன்.

அவருக்கு நான் ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தேன். கூரையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சோப்பு போட்டுத் தேய்க்க வேண்டும். முக்கியமாக ஹோஸ் குழாயை அடியில் விட்டு, வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டத்து இடுக்கு, மூலை எல்லாவற்றிலும் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்க வேண்டும், உப்பு ஒரு துளி நிற்கக் கூடாது. ஒரு நோட்டும் வாங்கிக் கொடுத்தேன். தேதி, நேரம், கழுவியவர் கையெழுத்து. எங்கள் வேலையில் நோட்டில் கையெழுத்து இல்லை என்றால் அந்த வேலை நடக்கவில்லை என்று அர்த்தம். கையெழுத்து இருந்தால் நடந்தது என்று அர்த்தம். அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். நானும் கேட்டதில்லை.

முதல் மாதமே அவர் என்னிடம் வந்து சொன்னார். நான் எஞ்சின் பக்கத்தில் குனிந்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தேன்.

"டைவர் சார், சோப்பு நொரையே வர்ல சார். எவ்ளோ போட்டாலும் தண்ணி ஒரு மாதிரி திரிஞ்சிகினு போவுது."

"கையை அழுத்தித் தேய்ச்சா வரும்."

"தேச்சிகினுதான் சார் கீறேன். இந்தத் தண்ணில வராது சார். இது வந்து..."

"யோவ், வேலை செய்ய சோம்பேறித்தனம், அதுக்குத் தண்ணி மேல பழியா? நான் வண்டி கழுவ ஆரம்பிச்சப்ப நீ எங்க இருந்தே? போய்யா, போய்த் தேய்."

அவர் போய்விட்டார். அடுத்த முறை போகும்போது நான் இன்னும் இரண்டு டப்பா சோப்பு வாங்கிக்கொண்டு போனேன். இதை எழுதும்போது என் காதே கூசுகிறது.

புதன்கிழமை தோறும் ஸ்டேஷன் வாசலில் இருந்த டெலிபோன் பூத்திலிருந்து விடுதிக்குப் போன் செய்வேன். "கழுவியாச்சா?" "கழுவிட்டேன் சார்." "நோட்டுல போட்டியா?" "போட்டுட்டேன் சார்." அவ்வளவுதான் பேச்சு. ஒரு வருஷம் ஆனதும் பெட்டியின் கீழ்விளிம்பில் துருக் கோடு இறங்க ஆரம்பித்தது. கடல் காற்றைத் திட்டினேன், விடுதிக்காரனைத் திட்டினேன், அவர்கள் அடித்த மட்டமான பெயின்ட்டைத் திட்டினேன். பிறகு வாட்ச்மேனைக் கூப்பிட்டு, "இனிமே காலையில ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை" என்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி சார்" என்றார். துருக் கோட்டின் மேல் மேனேஜர் பெயின்ட் அடித்தான். வண்டி பார்க்கப் பளபளவென்று இருந்தது.

எஞ்சினை மட்டும் நான் யாரையும் தொடவிடவில்லை. ஒவ்வொரு முறை போகும்போதும் ஒரு நீளக் கம்பியைப் போட்டு அதைக் கையாலேயே ஒரு சுற்றுச் சுற்றிவிடுவேன், இறுகிவிடக் கூடாது என்று. எண்ணெய் மாற்றுவேன். டீசல் வருகிற குழாயைக் கழற்றி ஊதிப் பார்ப்பேன். வேலை முடிந்து அங்கிருந்த குழாயில் முகம் கழுவினால் உதட்டில் கரிக்கும். வியர்வை என்று துடைத்துக்கொண்டு, கேனில் இருக்கும் தண்ணீரை ஒரு டம்ளர் குடித்துவிட்டு பஸ் ஏறுவேன். விடுதியில் எல்லோரும் குடிப்பது அந்தக் கேன் தண்ணீர்தான். குழாய்த் தண்ணீரை யாரும் வாயில் வைத்ததில்லை.

மூன்று வருஷம் இப்படி ஓடியது. பிறகு நான் எப்போதோ போட்டு மறந்துவிட்ட மனு ஒன்று எங்கெங்கோ சுற்றி, மேற்கே ஒரு ஊரில் பழைய ரயில்களைப் பாதுகாத்து வைத்திருந்த ஒரு சின்ன அறக்கட்டளைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அங்கிருந்து ஒரு கடிதம். எழுதியவர் ஒரு பெண் இன்ஜினியர். அவர்களிடம் ஒரு மீட்டர் கேஜ் வட்டப்பாதை இருக்கிறதாம். ஓடக்கூடிய டீசல் வண்டி ஒன்று தேடுகிறார்களாம். எஞ்சின் ஓட வேண்டும், அடிச்சட்டம் உறுதியாக இருக்க வேண்டும், இரண்டும் சரியாக இருந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தார். விடுதி முதலாளிக்கும் சம்மதம்தான். அதற்குள் குழந்தைகளுக்கு ரயில் பெட்டி அலுத்துப்போய், எல்லாம் நீச்சல் குளத்திலேயே கிடந்தன.

பூத்திலிருந்து அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். எல்லா விவரமும் சொன்னேன். கடைசியில், கேட்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன்.

"அங்க யாரு மேடம் ஓட்டுவாங்க?"

"எங்ககிட்ட இந்த மாதிரி வண்டி ஓட்டத் தெரிஞ்சவங்க யாரும் இல்ல சார். நீங்களே வந்து ஓட்டறீங்களா? ஞாயித்துக்கிழமை மட்டும்தான்."

"எனக்குக் கண் மெடிக்கல் போயிடுச்சு மேடம்."

அவர் சிரித்தார். "முக்கால் கிலோமீட்டர் வட்டம் சார். நடந்து போற வேகம்தான். எதிர்ல எந்த வண்டியும் வராது."

போனை வைத்துவிட்டு அந்தப் பூத்துக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன். வெளியே நின்றிருந்தவர் கண்ணாடியைத் தட்டினார். அதற்கப்புறம்தான் எழுந்தேன். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னபோது, எத்தனையோ வருஷத்துக்கப்புறம் அவள் ஒன்றும் கிண்டல் செய்யாமல், "அப்ப ஒவ்வொரு வாரமும் நானும் கூட வரட்டுமா? ஒரு நாள் கூட நீங்க ஓட்டி நான் ஏறினதில்லையே" என்றாள். உண்மைதான். எனக்கு அது தோன்றியதே இல்லை.

அந்த அம்மா வருகிற நாளுக்கு முந்தின ஒரு வாரம் லீவ் போட்டேன். லாரி பேட்டரி இரண்டு வாடகைக்கு எடுத்தேன். டீசல் குழாயில் அடைத்திருந்த காற்றை எல்லாம் வெளியேற்றினேன். வாட்ச்மேனிடம் அந்த வாரம் மூன்று வேளை கழுவச் சொன்னேன். அவரும் பாவம், தோள் வலியோடு மூன்று வேளையும் கழுவினார்.

வந்தவருக்கு நாற்பது வயசு இருக்கும். பருத்திச் சேலை, காலில் கேன்வாஸ் ஷூ, கையில் ஒரு பை. வணக்கம் சொன்னதும் வேலையை ஆரம்பித்துவிட்டார். முதலில் எஞ்சினைப் போட்டுக் காட்டுங்கள் என்றார். டிரைவர் அறையில் ஏறி உட்கார்ந்தேன். ஸ்டார்ட்டரை அழுத்தினேன், ஒருமுறை உறுமி அடங்கியது. "சனியனே, மானத்தை வாங்காதே" என்று வாய்விட்டே சொன்னேன். இரண்டாவது முறை பிடித்துக்கொண்டது. முதலில் கறுப்பாக ஒரு புகை, பிறகு வெள்ளையாக, பிறகு ஒன்றுமே இல்லாமல் சீராக ஓட ஆரம்பித்தது. விடுதி ஆட்கள் எல்லாம் கை தட்டினார்கள். மேனேஜர் என்னைப் பார்த்துக் கட்டை விரலைக் காட்டினான். அந்த அம்மா காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "மூணு வருஷம் நின்ன எஞ்சின் மாதிரியே இல்ல சார்" என்றார். அணைக்க வேண்டாம், ஓடட்டும் என்று விட்டுவிட்டுக் கீழே இறங்கினேன்.

அவர் பையிலிருந்து ஒரு சின்னச் சுத்தியலை எடுத்தார். வண்டியின் அடியில் படுத்தார். கூடவே ஒரு டார்ச். முதல் தட்டு டங் என்று கேட்டது. இரண்டாவது, மூன்றாவது டொக் டொக் என்றது. இரும்பு அப்படிப் பேசக் கூடாது. நாலாவது தட்டுக்குச் சத்தமே இல்லை. சுத்தியல் உள்ளே போய்விட்டது. அவர் அதை வெளியே இழுத்தபோது நொறுங்கின அப்பளம் மாதிரி துரு கொட்டியது. இன்னும் பத்து இடத்தில் தட்டினார். எல்லா இடத்திலும் அதே கதை. வெளியே பளபளவென்று இருந்த இடங்களில் பெயின்ட் மட்டும்தான் இருந்தது, அதற்குப் பின்னால் இரும்பு இல்லை.

"கடல் காத்து மேடம்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"காத்துன்னா வெளிப்பக்கம்தான் முதல்ல போகும். இது உள்ளிடுக்கெல்லாம் போயிருக்கு. இங்க எப்படிப் பராமரிச்சீங்க?"

எனக்கு அப்போதும் நம்பிக்கை இருந்தது. ஓடிப்போய் நோட்டை எடுத்து வந்தேன். மூன்று நோட்டுகள். ஒரு நாள் விடாமல் கையெழுத்து. மழை நாளில் கூட. அவர் பக்கங்களைப் புரட்டினார். "தினமுமா?" என்றார். "ரெண்டு வேளை" என்றேன், பெருமையாகவே சொன்னேன். அவர் நோட்டை மூடிவிட்டு, "எந்தத் தண்ணி?" என்று கேட்டார்.

நான் வாட்ச்மேனைத் திரும்பிப் பார்த்தேன். அவர்தான் சொன்னார். "பின்னாடி போர் தண்ணி மேடம். நீச்சல் கொளத்துக்குப் போட்டாங்களே, அது."

நான் குழாயடிக்குப் போய், கையில் பிடித்து ஒரு வாய் குடித்தேன். துப்பிவிட்டேன். கடலே பரவாயில்லை. ஒவ்வொரு நாளும் வாட்ச்மேன் அதை ஹோஸில் பிடித்து, நான் எழுதிக் கொடுத்த அட்டையைப் பார்த்து, ஒரு இடுக்கு விடாமல் பீய்ச்சி அடித்திருக்கிறார்.

அதற்குள் மேனேஜர் வாட்ச்மேன் மேல் பாய்ந்துவிட்டான். அவன் மரியாதையெல்லாம் எங்கேயோ போய்விட்டது. "என்னய்யா வேலை பண்ணி வச்சிருக்கே? உன்னை இன்னிக்கே..." என்று ஆரம்பித்தான். நானும் சேர்ந்துகொண்டேன். கோபம் யார் மேலாவது போக வேண்டியிருந்தது.

"யோவ், இவ்வளவு உப்புத் தண்ணின்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். தோளைத் தேய்த்துக்கொண்டார். பிறகு மெதுவாக, குற்றம் சொல்வது போல் இல்லாமல், நடந்ததைச் சொல்வது போலச் சொன்னார்.

"சொன்னேனே சார். மொத மாசமே வந்து சொன்னேன். நீங்கதான் சோம்பேறின்னு சொன்னீங்க. நான் வலை இழுத்தவன் சார், சோம்பேறி இல்ல. சரி, ரயில்ல இருந்தவரு, அவருக்குத் தெரியாததா, உப்பைப் போட்டுத்தான் உப்பை எடுப்பாங்க போலன்னு கழுவிகினு இருந்துட்டேன்."

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மேனேஜர் என்னைப் பார்த்தான், அந்த அம்மாவும் பார்த்தார். வாழ்நாளில் எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன், ஒருவரும் திருப்பி இப்படி அடித்ததில்லை. "அவர் சொன்னார் மேடம்" என்றேன். "நான்தான் கேக்கல. அவர் மேல ஒரு தப்பும் இல்ல. மேனேஜர் சார், அவரை வேலையை விட்டு எடுத்தீங்கன்னா நான் இங்கேயே உக்காந்துடுவேன்." இதைக்கூடக் கத்தித்தான் சொன்னேன். எனக்கு வேறு மாதிரி பேச வராது.

அந்த அம்மா என்னைத் தனியாக அழைத்துக்கொண்டு போய், கிரேனில் தூக்கினால் வண்டி நடுவில் ஒடிந்துவிடும் என்றார். சட்டத்தை மாற்றுவது என்றால் புதுவண்டியே செய்வது போல. எஞ்சின் மட்டும் வேண்டும், அதை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். "வேற இடத்துல எஞ்சின் இல்லாத பெட்டி ஒண்ணு கிடைக்கும் போலிருக்கு. அதுக்குப் பொருத்திக்குவோம். அப்ப உங்களைக் கூப்பிடறேன் சார்" என்றார். பொய் சொல்கிற முகம் இல்லை அது. நான் தலையாட்டினேன். ஏறிப் போய் எஞ்சினை அணைத்தேன். இறங்கும்போது வாட்ச்மேன் கையை நீட்டினார். அவர் வலிக்காத கையைத்தான் நீட்டினார். பிடித்துக்கொண்டு இறங்கினேன். மன்னிப்பு கேட்க வாய் வரவில்லை. மாமல்லபுரம் பஸ் வரும் வரைக்கும் அவர் என்னோடு ரோட்டில் நின்றார்.

ஒரு மாதத்தில் எஞ்சின் போனது. பெட்டியை அங்கேயே துண்டு போட்டு எடுத்தார்கள். நான் பார்க்கப் போகவில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும், அந்த அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. நான் அப்போதுதான் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். என் மனைவி பிரித்துச் சத்தமாகப் படித்தாள். எஞ்சினை வேறொரு பெட்டியில் பொருத்தியாகிவிட்டது. முதல் முயற்சியிலேயே ஓடியது. இத்தனை கவனமாகப் பார்த்துக்கொள்ளப்பட்ட எஞ்சினைத் தான் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகளோடு நிறையப் பேர் வந்து ஏறுகிறார்கள். அவ்வளவு படித்துவிட்டு நிறுத்தினாள்.

"அப்புறம்?" என்றேன்.

"அவ்ளோதாங்க. நன்றின்னு போட்டிருக்காங்க" என்று மடித்து அலமாரியில் வைத்துவிட்டுக் காபி போடப் போனாள்.

அவள் உள்ளே போனதும் எடுத்துப் பார்த்தேன். நன்றிக்கு மேலே இன்னும் ஒரு வரி இருந்தது. 'வண்டி ஓட்ட எங்கள் ஊரிலேயே ஒரு இளைஞர் கிடைத்துவிட்டார், ஆகவே தங்களுக்கு இனி அலைச்சல் இல்லை.' அவள் படிக்காமல் விட்டது அந்த ஒரு வரியைத்தான். காபி கொண்டுவந்து கொடுத்தாள், நானும் ஒன்றும் கேட்காமல் வாங்கிக் குடித்தேன்.